நாற்பது பேரைத் தடுத்தவன் எத்தனையாவது லெவல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மேசை விளையாட்டுகளுக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, கற்பனை உலகக் கதாபாத்திர விளையாட்டுகளைப் பற்றியும் எழுதவைத்திருக்கிறீர்கள். நன்றி. பகடை, கதாபாத்திரத்தின் விவரம் எழுதும் கேரக்டர் ஷீட், கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் புதியவருக்கும் புரிகிற மாதிரி சொல்லியிருந்தார். ஒரே ஒரு பத்திதான் எனக்கு உறுத்தியது. பெயரைக் கேட்டாலே நாடு நடுங்கும் எதிரி என்று டன்ஜன் மாஸ்டர் எச்சரித்த பிறகும் வாளை உருவுகிறவர்கள் செத்தால் பழி அவர்களுடையதுதான் என்கிற தொனியில் அந்தப் பத்தி இருந்தது.

இதை நான் ஏற்கவில்லை. நாடு நடுங்கும் என்பது ஒரு தகவலே இல்லை. எந்த நாடு, எவ்வளவு பெரிய நாடு, யார் சொல்லி நடுங்குகிறது, கடைசியாக எப்போது நடுங்கியது? இதில் எதையும் சொல்லாமல் ஒரு பெயரை மட்டும் மேசையில் போட்டுவிட்டு, அதை வைத்து எதிரியின் பலத்தை ஆட்டக்காரர்கள் சரியாகக் கணிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அவர்கள் கணிப்பு தப்பினால் பழியில் பெரும்பங்கு நடத்துகிறவருக்குத்தான். நானும் நடத்துகிற கட்சிதான், அதனால் தைரியமாகவே சொல்கிறேன்.

விளையாடிப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஆட்டத்தில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் லெவல் உண்டு. இப்போதைய பதிப்பில் 1 முதல் 20 வரை. லெவல் ஏற ஏற உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண்), அடிக்கிற வேகம், மந்திரம் எல்லாம் கூடும். ஆனால் கதைக்குள் வாழ்கிற மனிதர்களுக்கு அந்த எண் கண்ணில் படாது. அவர்களுக்குத் தெரிவது இன்னார் இன்ன காரியம் செய்தார் என்பது மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் மூன்றாம் ஆள் வாய்வழியாக. அந்தக் கதையைக் கேட்டுப் பின்னோக்கிப் போய் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியது ஆட்டக்காரர் பாடு. சண்டை போடலாமா, பேசிப் பார்க்கலாமா, ஓடலாமா என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணில் தொங்குகிறது.

ஆரம்பத்தில் இந்தப் பாடே கிடையாது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் கொண்டுவந்த முதல் பதிப்பில் ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பட்டம் இருந்தது. சண்டைக்காரன் முதல் லெவலில் வெட்ரன், நான்காவதில் ஹீரோ, ஐந்தாவதில் ஸ்வாஷ்பக்லர், எட்டாவதில் சூப்பர்ஹீரோ, ஒன்பதில் லார்ட். மந்திரவாதி பதினொன்றாவது லெவலுக்கு வந்தால்தான் விசார்ட். அதற்கும் முன்னால் 1971இல் வந்த செயின்மெயில் என்ற பொம்மைப் படை ஆட்டத்தில் ஹீரோ நாலு ஆளுக்குச் சமம், சூப்பர்ஹீரோ எட்டு ஆளுக்குச் சமம் என்று கணக்கே எழுதிவைத்திருந்தார்கள். ஒருவன் தன் பட்டத்தைச் சொல்லிவிட்டால் அவன் லெவலையும் சொன்ன மாதிரிதான்.

1978 பதிப்பில் ட்ரூயிட்கள் என்ற காட்டுப் பூசாரிகளுக்கு இருந்த விதி இன்னும் கறார். 12ஆம் லெவலில் ஒன்பது பேர், 13இல் மூன்று பேர், 14இல் ஒரே ஒரு கிரேட் ட்ரூயிட். மேலே போக வேண்டுமென்றால் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவரோடு மோதி ஜெயிக்க வேண்டும். கிரேட் ட்ரூயிட் என்ற பெயரே அவர் சண்டையில் ஜெயித்து வந்தவர் என்பதற்கு ரசீது. 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது லெவல் பட்டங்களை எடுத்துவிட்டார்கள். அந்தக் கால ஆட்டத்தில் குகையிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி என்ற கணக்கும் இருந்ததால், பணக்கார சாகசக்காரன் என்றால் லெவலும் ஏறியவன் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. அதுவும் போய்விட்டது. மிஞ்சியது ஊர் வாய்தான்.

ஊர் வாய்க்கும் லெவலுக்கும் எவ்வளவு தூரம் என்பதை 1977 மார்ச்சிலேயே த டிராகன் பத்திரிகையில் ஒருவர் போட்டு உடைத்தார். த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதிய டோல்கீனின் கேண்டால்ஃப் வெறும் ஐந்தாவது லெவல் மந்திரவாதிதான் என்பது அந்தக் கட்டுரையின் தலைப்பே. கதையில் அவர் வெளிப்படையாகப் போட்டுக் காட்டிய மந்திரங்களை மட்டும் எடுத்து ஆட்ட விதியோடு ஒப்பிட்டால் கணக்கு அங்கேதான் போய் நிற்கிறது என்று வாதம். கோபப்பட்டவர்கள் இன்றைக்கும் கோபமாக இருக்கிறார்கள். எனக்கு அந்த முடிவு முக்கியம் இல்லை, வழிதான் முக்கியம். பெயரை ஓரமாக வைத்துவிட்டு, செய்ததாகச் சாட்சி உள்ள காரியத்தை மட்டும் எடு; அதைச் செய்யக் குறைந்தபட்சம் என்ன லெவல் வேண்டும் என்று பார். என் பிழைப்பும் கிட்டத்தட்ட இதுதான். நான் வாகன விபத்து இழப்பீட்டை மதிப்பிடுகிறவள். எதிரே வந்த லாரி நூற்றுப்பத்து வேகத்தில் வந்தது என்று கதை கேட்பேன், அப்புறம் குனிந்து பம்பரைப் பார்ப்பேன்.

என் மேசையில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். என் கதையில் வேங்கையன் என்று ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவன். ஒற்றை ஆளாக ஒரு பாலத்தில் நின்று நாற்பது பேரைத் தடுத்தவன் என்று பெயர். பாணர்கள் பாட்டே கட்டிவிட்டார்கள்: பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை வாள் ஓயவில்லையாம். என் ஆட்டக்காரர்களின் கதாபாத்திரங்கள் அப்போது நான்காவது லெவல். பாட்டைக் கேட்டதும் என் அக்கா மகன் பகடையைக் கீழே வைத்தான்.

"சித்தி, நேரா சொல்லுங்க. இவன் எத்தனாவது லெவல்?"

"உன் கேரக்டருக்கு லெவல்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாதுடா."

"அவனுக்குத் தெரிய வேணாம் சித்தி. அவன் அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவன். யாரைப் பாத்து பயப்படணும்னு அவனுக்குத் தெரியும்ல? எனக்குத்தான் தெரியல."

பாருங்கள், இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. பல டன்ஜன் மாஸ்டர்கள் இந்தக் கேள்வியை ஏதோ திருட்டுத்தனம் மாதிரி பார்க்கிறார்கள். விதிப்புத்தகத்தை வைத்துக் கதையைக் கெடுக்கிறான் என்று முகம் சுளிக்கிறார்கள். பையன் கேட்டது எண்ணையே இல்லை. வாள் பிடித்துப் பழகிய ஒருவன் இன்னொரு வாள்காரனைப் பற்றி இயல்பாகவே தெரிந்துவைத்திருக்கும் விவரத்தைக் கேட்டான். அதைக் கொடுக்கும் ஒரே வாய் நான்தான். நான் வாயை மூடிக்கொண்டால் அவன் கதாபாத்திரம் சொந்த ஊரிலேயே குருடாக நடக்க வேண்டியதுதான்.

எண்ணைச் சொல்லவில்லை. பாலத்தைக் காட்டினேன். போய்ப் பார்த்தார்கள். அகலம் ஓர் ஆள் நிற்கிற அளவு, இரண்டு பேர் தோளோடு தோள் நிற்க முடியாது. அன்றைக்கு அங்கே இருந்த ஒரு பரிசல்காரரையும் தேடிப் பிடித்தார்கள். எதிரே வந்த நாற்பது பேர் யார் என்று கேட்டபோது, ஜமீன் ஆட்கள் விரட்டிக்கொண்டுவந்த உழவர்கள், கையில் தடிதான் இருந்தது என்றார் அவர். வேங்கையன் மேல் முழு இரும்புக் கவசமும் கேடயமும் இருந்தது என்றும் சொன்னார். அவ்வளவுதான். மிச்சத்தை மேசையிலிருந்தவர்களே காகிதத்தில் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கணக்கை இங்கே தருகிறேன். விதிகள் 2014 பதிப்புடையவை. முழுக் கவசமும் கேடயமும் சேர்ந்தால் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி விழ எதிரி எட்ட வேண்டிய எண், 20. சாதாரணக் குடியானவனுக்குத் தாக்குதலில் கிடைக்கும் கூடுதல் 2தான், ஆகவே இருபது பக்கப் பகடையில் அவன் 18 அல்லது அதற்கு மேல் போட்டால்தான் அடி விழும். நூற்றுக்குப் பதினைந்து வாய்ப்பு. விழுந்தாலும் சராசரி இரண்டரைப் புள்ளி. ஐந்தாவது லெவல் சண்டைக்காரன் ஒரு சுற்றில் இரண்டு முறை வீசுவான், குடியானவன் மேல் பத்துக்கு ஒன்பது முறை படும், பட்டால் ஆள் காலி, ஏனென்றால் எதிரிக்கு இருப்பது நான்கே உயிர்ப்புள்ளி. சுற்றுக்கு 1.8 ஆள் என்று வைத்தால் நாற்பது பேருக்கு 22 சுற்று. பாலத்தில் ஒரு நேரத்தில் ஒருவன்தான் எட்ட முடியும், அதனால் வேங்கையன் வாங்கும் அடி சுற்றுக்கு அரைப் புள்ளி, மொத்தத்தில் பதினொன்று. அவன் உயிர்ப்புள்ளியோ 49 பக்கம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. 22 சுற்று இரண்டேகால் நிமிடம்கூட இல்லை. பொழுது சாய்ந்து விடியும்வரை என்று பாடிய பாணரை அன்றைக்கு மேசையில் எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள்.

சரி, அதே ஆளை அதே நாற்பது பேர் திறந்த வெளியில் சூழ்ந்துகொண்டால்? ஒரே நேரத்தில் எட்டுப் பேர் அடிக்கலாம். சுற்றுக்கு நான்கு புள்ளி போகும். 49 புள்ளியோடு, இடையில் ஒரு முறை மூச்சு வாங்கி மீட்டுக்கொள்ளும் பத்துச் சொச்சத்தையும் சேர்த்தாலும், ஏறக்குறைய பதினைந்தாவது சுற்றில் விழுந்துவிடுவான். நாற்பதில் இருபத்தைந்து, இருபத்தாறு பேரைச் சாய்த்திருப்பான், பாட்டு இருந்திருக்காது. ஆள் மாறவில்லை, லெவல் மாறவில்லை, இடம் மட்டும்தான் மாறியது. அப்படியிருக்க, நாற்பது பேரைத் தடுத்தவன் என்ற பெயரை மட்டும் கொடுத்துவிட்டு இதிலிருந்து பலத்தைக் கண்டுபிடி என்றால் என்ன அர்த்தம்? பையன்கள் அவனைப் பாலத்திலிருந்து வெளியே இழுக்க ஒரு வழி பண்ணினார்கள் என்பதோடு இந்தக் கதையை விடுகிறேன்.

யாரோடு ஒப்பிட்டுப் பெரியவன் என்பதும் அதே அளவு முக்கியம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் சொல்வதை மூன்றாம் பதிப்புக்காரர்கள் 2000 வாக்கில் அட்டவணையாகவே போட்டார்கள். ஓர் ஊரின் மிக உயர்ந்த லெவல் சண்டைக்காரனைக் கண்டுபிடிக்க எட்டுப் பக்கப் பகடை ஒன்றை உருட்டி, ஊரின் அளவுக்கு ஏற்ப ஓர் எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். 401 முதல் 900 பேர் வரை உள்ள கிராமத்துக்கு ஒன்று கழியும். 25,000 பேருக்கு மேல் உள்ள மாநகரத்துக்குப் பன்னிரண்டு கூடும். ஆக, கிராமத்தின் முதல் வாள் ஏழாவது லெவலைத் தாண்ட மாட்டான், பல கிராமங்களில் மூன்றோ நான்கோதான். மாநகரத்தின் முதல் வாள் பதின்மூன்றுக்குக் கீழே இருக்கவே முடியாது. இரண்டு ஊரிலும் சனங்கள் சொல்லும் வாக்கியம் ஒன்றே: எங்க ஊர்ல இவரை அடிச்சிக்க ஆள் கிடையாது. டன்ஜன் மாஸ்டர் அந்த வாக்கியத்தை எந்த ஊர்க்காரர் வாயில் வைக்கிறார் என்பதைச் சொல்லாவிட்டால் பத்து லெவல் வித்தியாசம் காற்றில் போகிறது. இதே அட்டவணையில் இன்னொரு வேடிக்கை. சாமானியக் குடியானவர்களுக்கு நான்கு பக்கப் பகடை நான்கு உருட்ட வேண்டும், சராசரி பத்து. கிராமத்தில் லெவலில் மூத்தவர் வாள் பிடித்தவராக இல்லாமல் மண்வெட்டி பிடித்தவராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். யாரும் அவரைப் பற்றிப் பாடுவதில்லை.

மந்திரக்காரர்கள் விஷயத்தில் வதந்திகூட நல்ல சாட்சி ஆகும். வாள்வீச்சில் இவ்வளவு என்று கோடு போட முடியாது, மந்திரத்தில் கோடு போட்டே வைத்திருக்கிறார்கள். இறந்தவரை எழுப்பினார் என்று ஒரு பூசாரியைப் பற்றிக் கேள்விப்பட்டால், நான் என் ஆட்டக்காரர்களைக் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, இறந்து எத்தனை நாள் கழித்து? 2014 விதிப்படி பத்து நாளுக்குள் என்றால் ரைஸ் டெட் என்ற மந்திரம் போதும், ஒன்பதாவது லெவல் கிளெரிக், அதாவது பூசாரி, செய்துவிடுவார், கூடவே 500 தங்கக் காசு பெறுமான வைரம் வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டது என்றால் ரெசரக்‌ஷன், அதற்குப் பதின்மூன்றாவது லெவல், வைரமும் 1,000 காசு. உடம்பே இல்லை, நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது, இருந்தும் எழுந்து வந்தார் என்றால் பதினேழுக்குக் குறைந்தவர் வேலை இல்லை. ஆகவே வதந்தி என்ன நடந்தது என்பதோடு எப்போது நடந்தது என்பதையும் சுமந்து வர வேண்டும், அந்தத் தேதியை வதந்தியில் சேர்க்க வேண்டியவர் டன்ஜன் மாஸ்டர். எழுப்பியவர் யாரோ எழுதிவைத்த மந்திரச் சுருளைப் படித்து எழுப்பினாரா, வேறொருவருக்குக் காசு கொடுத்து எழுப்பினாரா என்பது அடுத்த சந்தேகம். நல்ல ஆட்டக்காரர் அதையும் கேட்பார். அதே நேரம் ஒரு சாதாரண ஊர்வாசியின் கண்ணுக்கு, வானத்தில் பறந்து வந்து நெருப்புக் குண்டு போட்ட ஐந்தாவது லெவல் மந்திரவாதியும் பதினேழாவது லெவல் மந்திரவாதியும் ஒன்றுதான். இருவரும் பறப்பார்கள், இருவரும் எரிப்பார்கள், பார்த்தவன் இரண்டு பேரைப் பற்றியும் ஒரே கதையைத்தான் சொல்வான்.

பெயர் பழசாகும் என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. பழைய பதிப்புகளில் சில பிசாசுகள் தொட்டால் லெவலே போய்விடும். வைட் அடித்தால் ஒன்று, வாம்பயர் அடித்தால் இரண்டு. எட்டாவது லெவலில் சூப்பர்ஹீரோவாகப் பாடப்பட்டவன் ஒரு கெட்ட இரவில் நான்காவது லெவலுக்கு இறங்கி வந்திருக்கலாம், பாட்டு இறங்காது. மூன்றாம் பதிப்பில் வயதும் தின்றது. மனிதக் கதாபாத்திரம் 70 வயதைத் தொடும்போது வலிமை, சுறுசுறுப்பு, உடல்கட்டு மூன்றிலும் ஆறாறு புள்ளி குறைந்திருக்கும், அறிவும் ஞானமும் ஆளுமையும் மும்மூன்று கூடியிருக்கும். லெவல் அப்படியே நிற்கும். ஆகவே பழைய மாவீரன் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை, பழைய மந்திரவாதி பெயரைக் கேட்டால் தாராளமாகப் பயப்படலாம்.

பெயரே இல்லாத பலசாலிகளும் உண்டு. பிரபலமான கொலையாளி என்றால் அவன் தொழிலில் ஏதோ கோளாறு. அதற்கு நேர் எதிராக, எதிரிகளைப் பட்டியல் போடும் 2014 மான்ஸ்டர் மேனுவலைப் பிரித்தால், ஊரே பேர் சொல்லும் பிரபுவுக்கு இருப்பது ஒன்பது உயிர்ப்புள்ளி, அபாய அளவு எட்டில் ஒரு பங்கு. குதிரையில் வரும் நைட் மூன்று. கோபுரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆர்ச்மேஜ் என்ற பெரிய மந்திரவாதி பன்னிரண்டு, அவர் மந்திரம் போடுவதோ 18ஆவது லெவல் கணக்கில். இந்த மூவரில் சந்தையில் யார் பெயர் அதிகம் அடிபடும் என்று உங்களுக்கே தெரியும்.

விதிப்புத்தகங்கள் இந்தச் சிக்கலை மறந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் பதிப்பில் பாணர்களுக்குக் கேள்வி ஞானம் என்று ஒரு திறமை உண்டு. பத்து எடுத்தால் உள்ளூர் மேயர் குடிகாரர் என்பது மாதிரி ஊரறிந்த சங்கதி, முப்பது எடுத்தால் வெகு சிலருக்கே தெரிந்த சங்கதி. லெஜண்ட் லோர் என்ற மந்திரம் 250 காசு சாம்பிராணியை எரித்துவிட்டு, நீங்கள் கேட்ட ஆள் அவ்வளவு புகழ்பெற்றவன் இல்லையென்றால் ஒன்றுமே சொல்லாமல் போய்விடும். என் பார்வையில் அந்த மௌனமும் ஒரு பதில்தான். 2014 பதிப்பின் பேட்டில் மாஸ்டர் என்ற சண்டைக்கார வகைக்கு ஏழாவது லெவலில் கிடைக்கிற திறமைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓர் ஆளைச் சண்டையில்லாமல் ஒரு நிமிடம் கவனித்தால் போதும்: வலிமை, கவசம், மிச்சமிருக்கும் உயிர்ப்புள்ளி, மொத்த லெவல் போன்ற ஏழு விஷயங்களில் இரண்டைப் பற்றி, உன்னைவிட மேலா, கீழா, சமமா என்று டன்ஜன் மாஸ்டர் சொல்லியாக வேண்டும். எண் கிடையாது, மேலா கீழா மட்டும். அனுபவப்பட்ட சண்டைக்காரன் ஒருவனைப் பார்த்தவுடன் எடைபோடுவது அப்படித்தானே. 2024 திருத்தத்தில் இதை மாற்றி, எதிரிக்கு எந்தத் தாக்குதல் பலிக்காது, எது கூடுதலாக வலிக்கும் என்ற தகவலாக ஆக்கிவிட்டார்கள். எனக்கு வருத்தம். என் மேசையில் பழையதே ஓடுகிறது, அதுவும் ஏழாவது லெவல்வரை காத்திராமல், ஆயுதம் பிடித்த எவரும் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் ஒரு கேள்வி கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

புகழுக்கு எண் கொடுத்த ஆட்டங்களும் இருக்கின்றன. மூன்றாம் பதிப்பில் ஒருவன் பின்னால் எத்தனை பேர் சேர்வார்கள் என்று பார்க்கும் லீடர்ஷிப் கணக்கில் பெரும்புகழுக்கு இரண்டு புள்ளி கூடும், கொடூரன் என்று பெயரெடுத்தால் இரண்டு குறையும், லெவலோ முழுதாகச் சேரும். அதாவது அந்தப் புத்தகத்தின்படியே புகழின் மதிப்பு இரண்டு லெவல். ஷேடோரன் என்ற இன்னோர் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் சம்பாதித்த கர்மா (அங்கே அனுபவப் புள்ளிக்கு அந்தப் பெயர்) பத்துக்கு ஒன்று என்று தெருப்பெயர் ஏறும், கெட்ட பெயருக்குத் தனிக் கணக்கு. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட்டில் லெவலே கிடையாது. எத்தனை பாட்டுப் பாடினாலும் ஒரு குடியானவன் ஈட்டி சரியான இடத்தில் இறங்கினால் மாவீரன் முடிந்தான். அங்கே பெயரைக் கேட்டு யாரும் அசட்டையாக இருக்க முடியாது, நடுங்கவும் தேவையில்லை. இவற்றில் கட்டுரையாளரின் வாக்கியம் உண்மையாகவே பொருந்தும் ஆட்டம் என்று நான் நினைப்பது 1985இல் கிரெக் ஸ்டாஃபர்ட் எழுதிய பென்ட்ராகன். அதில் புகழைக் குளோரி என்று எண்ணுகிறார்கள். ஆயிரம் குளோரி சேரும்போதெல்லாம் வீரன் தன் திறமையிலோ உடல்பலத்திலோ ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளலாம். பெயர் பெற்றவன் அந்தப் பெயராலேயே பலசாலி ஆகிறான். அந்த மேசையில் பெரிய பெயரைக் கேட்டு வாளை உறையில் போடாதவனைப் பற்றி நானும் ஐயோ பாவம் என்று சொல்ல மாட்டேன்.

மற்ற மேசைகளில் நிலைமை அப்படி இல்லை. எச்சரிக்கை விடுப்பதாக நினைத்துக்கொண்டு பல டன்ஜன் மாஸ்டர்கள் செய்வது அடைமொழியை அடுக்குவது. இரத்தவாள், எமகாதகன், ஏழு கடல் கலக்கியவன். கதாநாயகர்களாக உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர் காதில் இது எப்படி விழும் தெரியுமா? இவனை ஜெயித்தால் பெரிய பெயர் என்று விழும். மாவீரர் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்; பயங்கரமான பெயரோடு வருகிறவன் தோற்பதற்காகத்தான் வருவான். நீங்கள் எச்சரித்தீர்கள், அவர்கள் அழைப்பென்று எடுத்துக்கொண்டார்கள். போன வாரம் உங்களை ஓட ஓட விரட்டிய அந்த ராட்சசனை இவன் ஒரே வீச்சில் வெட்டினான், தலை இதோ வாசலில் தொங்குகிறது என்று சொல்லிப் பாருங்கள். அடைமொழி எதுவும் வேண்டாம். ஆட்டக்காரர்கள் அந்த ராட்சசனின் உயிர்ப்புள்ளியைத் தங்கள் பகடையால் எண்ணிப் பார்த்தவர்கள். மேசை தானாக அமைதியாகும், யாராவது ஒருவர் குதிரை எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்பார்.

இப்படியெல்லாம் சாட்சி, இடம், தேதி எல்லாம் கொடுத்த பிறகும் ஒருவர் போய் மோதிச் செத்தால்? அப்போது கட்டுரையாளர் பக்கம் நானும் நிற்பேன். புதுக் கேரக்டர் ஷீட்டை எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு திருத்தம். ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்தே உச்சம் இருபதாவது லெவல்தான் என்று கட்டுரையில் இருந்தது. 1974 பதிப்பில் மனிதச் சண்டைக்காரனுக்கு உச்ச வரம்பே கிடையாது. 1980களின் பேசிக் வரிசை 36 லெவல் வரை போனது, 2008இல் வந்த நான்காம் பதிப்பு 30 வரை. இருபது என்பது 2000இல் வந்த மூன்றாம் பதிப்பின் அட்டவணையிலும் இப்போதைய பதிப்பிலும் உள்ள கணக்கு. பதினைந்தாவது லெவல் வீரன் என்று அச்சிடும்போது எந்தப் பதிப்பில் என்பதையும் சேர்த்து அச்சிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும். தொடர் நீளுமானால் பென்ட்ராகனுக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பின் வாசகி ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம், என் ஆட்டக்காரர்களும் இந்த இதழைப் படிக்கிறார்கள், வேங்கையன் இன்னும் சாகவில்லை.)